காலிக் குடுவையின் அளவு

"இதெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டார் சீடர்.

கேட்டுவிட்டு நாலு பக்கத்தை நீட்டினார். ஐம்பத்தாறு சாமான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், டிக் போட.

குரு வாங்கிப் படித்தார்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது. அச்சுப் பிழை இல்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஆறு வருடம் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். இப்போது பாளையங்கோட்டையில் ஆய்வகச் சாமான் விற்கிறார். கடையின் அகலம் ஆறடி. இரண்டு பக்கமும் கூரை வரை கண்ணாடிச் சாமான். அதனால் குரு முக்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. தலைமையாசிரியர் வந்தாலும் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தாலும் இல்லை. எழுந்தால் ஏதாவது உடையும். கைக்கு எட்டாததை வாங்குகிறவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். போன மாதம் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, மைசூர்பாகு, எல்லாம் முறையாக நடந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவும்?"

"வீட்டுல ஒரு லேப் போடலாம்னு."

"பதினேழாவது. கிப் உபகரணம். இது எதுக்கு?"

"பாக்க அழகா இருக்கும்."

"அழுகின முட்டை நாத்தம் வரும். வீட்டுல மதினி இருக்காங்களா?"

"இருக்கா."

"இருக்கட்டும்னு நினைக்கீயளா?"

பதினேழாவது அடிபட்டது.

"இருபத்து மூணு. கொக்குக் கழுத்து வாலை."

"சினிமாவுல விஞ்ஞானி வீட்டுல இருக்குமே, அது."

"சினிமாவுல விஞ்ஞானி வீடு கடைசியில என்ன ஆவும்?"

சீடர் யோசித்தார். தாமாகவே பேனாவை வாங்கி அடித்தார்.

முப்பத்தொன்றாவது, கெட்டிக் கந்தக அமிலம், அரை லிட்டர். குரு அதை அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தையே நாலாக மடித்து முக்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். முக்காலி ஆட்டத்தை நிறுத்தியது.

"சரி, என்னென்ன சோதனை செய்யப் போறீய?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுக்கா ஐம்பத்தாறு?"

சீடர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு மதிப்பெண் சான்றிதழ். பழுத்த மஞ்சள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. பிளஸ் டூ.

"வேதியியல் செய்முறை. எவ்வளவுன்னு படிங்க."

"அம்பதுக்கு முப்பது."

"முப்பதுதான் போட்டான்" என்றார் சீடர். "அந்த எக்ஸ்டர்னல்."

வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வருகிற ஆசிரியருக்குத்தான் எக்ஸ்டர்னல் என்று பெயர். வருவார், பார்ப்பார், மார்க் போடுவார், பஸ் ஏறிவிடுவார். திட்டுவதற்கு அவரைவிட வசதியான ஆள் கிடையாது.

 சீடர் சொல்ல ஆரம்பித்தார்.

சோதனை எளிதானது. கூம்பு மாதிரி ஒரு குடுவை. அதில் இருபது மில்லி அமிலம், கூடவே நிறங்காட்டி இரண்டு சொட்டு. அதற்கு நிறம் இல்லை. மேலே ஒரு நெட்டைக் கண்ணாடிக் குழாய், அடியில் திருகு, உடம்பெல்லாம் அளவுக்கோடு. அதுதான் பியூரெட். அதில் காரம். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டால் ஏதோ ஒரு சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும். அந்தச் சொட்டோடு நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

"எனக்கு இருபது புள்ளி நாலு வந்துது" என்றார் சீடர். "அப்பத்தான் அட்டெண்டர் தரையைக் கூட்டுததுக்காக வாரியலோட வாரார்."

இங்கே சீடரின் முகம் மாறியது. தோள் கூனியது. கையில் இல்லாத வாரியலால் கடைத் தரையைக் கூட்டிக்கொண்டே, உதடு அசையாமல், மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற குரலில் சொன்னார்:

"பத்தொம்பது ஆறு... பத்தொம்பது ஆறு... காலை எடுல... பத்தொம்பது ஆறு..."

குரு சிரித்துவிட்டார். எல்லா ஆய்வகத்திலும் அந்த வாரியல் உண்டு. சரியான அளவு எது என்று அதற்குத்தான் முதலில் தெரியும்.

"மொத்தப் பயலும் அழிச்சுட்டு பத்தொம்பது ஆறுன்னு எழுதுனான். நான் எழுதல. எனக்கு வந்தது இருபது நாலு. மறுபடி செய்யுதேன். குடுவையைக் கழுவுதேன். அப்ப அவன் வந்து பக்கத்துல நின்னான்."

"யாரு, எக்ஸ்டர்னலா?"

"அவனேதான்."

சீடர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். குரல் குழாய்க்குள்ளிருந்து வந்தது.

"குடுவை காலியாடே?"

இந்தக் குரலுக்கு மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் மவுசு. யாருக்கு மாறுதல் வந்தாலும், யார் வீட்டுக் கல்யாணமானாலும், 'அண்ணாச்சி, அந்த எக்ஸ்டர்னலை இறக்குங்க' என்பார்கள். சொந்த ஓய்வு விழாவிலும், கழுத்தில் மாலையோடு, இறக்கிவிட்டுத்தான் வந்தார்.

"காலி சார்னேன். 'நல்லா பாத்துச் சொல்லு, குடுவை காலியாடே?' தலைகீழா கவுத்தியே காட்டுனேன். ஒண்ணும் சொல்லாம என் நோட்டைப் பாத்துட்டுப் போனான். மத்தவனுக்கெல்லாம் நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. எனக்கு முப்பது. அதை வச்சுக்கிட்டு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு அலைஞ்சேன். ஒரு காலேஜிலயும் இடம் தரல."

மூக்கிலிருந்து விரலை எடுத்தார்.

"என் கை தப்பாதும்மா. முப்பத்தஞ்சு வருசம் மீட்டர் பாத்திருக்கேன். பாக்காம ஒரு நம்பர் எழுதினதில்ல. பூட்டின வீடுன்னா பூட்டின வீடுன்னுதான் எழுதுவேன். என் இருபது நாலு சரியா, அவனுவ பத்தொம்பது ஆறு சரியா. அது தெரியணும். அதுக்குத்தான் லேப்."

குரு கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்தார்.

"நான் கரைசல் கலந்து தாரேன். அமிலத்துக்குக் காடி, அதான் வினிகர், தண்ணி விட்டு. காரமும் லேசாத்தான். செய்தா பத்தொம்பது ஆறு வரணும், அப்படி அளந்து கலப்பேன். உங்களுக்கும் பத்தொம்பது ஆறு வந்துதுன்னா உங்க கை சரி. அன்னைக்கு வாரியல்தான் தப்பு."

"வரலேன்னா?"

"வாங்க, பாப்போம்."

இப்படித்தான் சாமான் தேர்வு தொடங்கியது.

*

"முதல்ல இது" என்றார் குரு.

மெத்தென்ற ஒரு பிளாஸ்டிக் புட்டி. மேலே வளைந்த மூக்கு.

"என்னது இது?"

குரு புட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

சீடர் துள்ளினார். மூக்குக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் புகுந்த தண்ணீர் கண்ணிலிருந்து கன்னத்துக்கு வந்தது.

"தண்ணிதான்" என்றார் குரு. "கண்ணாடி போட்டிருந்தீயளே, எப்படி உள்ள போச்சு?"

சீடர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். புட்டியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"தண்ணி பீச்ச எதுக்குத் தனியா ஒண்ணு? வீட்டுல செம்பு இருக்கு."

குரு வற்புறுத்தவில்லை.

"கரைசல் ஊத்தி வைக்க?"

"அதுக்குச் செலவு வேண்டாம். பழைய சர்பத் பாட்டில் ஒரு கூடை கிடக்கு."

குரு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சர்பத் பாட்டிலை எடுத்தார். நன்னாரி நிறத்தில் ஏதோ இருந்தது. ஒரு தம்ளரில் ஊற்றி நகர்த்தினார்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீய."

சீடர் தம்ளரைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். கூரை வரை பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சர்பத் பாட்டில்."

"உள்ள இருக்கது?"

"மதினியும் இப்படிக் கேப்பாங்களா, குடிச்சிருவாங்களா?"

சீடர் இரண்டு ஆய்வகப் புட்டிகளும், பெயர் எழுதி ஒட்டுகிற சீட்டு ஒரு கட்டும் எடுத்துக்கொண்டார். குரு தம்ளரை எடுத்துக் குடித்தார். சர்பத்துதான்.

"பிப்பெட். உறிஞ்சி அளக்க. கூடவே இந்த ரப்பர் பந்து."

"பந்து எதுக்கு? நாங்கல்லாம் வாயாலயே உறிஞ்சுவோம்."

"ருசி எப்படி இருந்துச்சு?"

சீடர் பந்தை எடுத்துக்கொண்டார்.

ஒரு பியூரெட். அதைப் பிடிக்க ஒரு தாங்கி. ஒரு கூம்புக் குடுவை. குடுவைக்கு அடியில் வைக்க ஒரு வெள்ளை ஓடு, நிறம் தெரிவதற்கு. நிறங்காட்டி ஒரு சின்னக் குப்பி. ஐம்பத்தாறும் ஒரு மஞ்சப்பையில் அடங்கிப்போனது.

"இவ்வளவுதானா லேப்?" என்றார் சீடர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"ஒண்ணு குறையுது" என்றார் குரு.

"எது?"

"கேட்டு வருவீய."

*

நாலாம் நாள் காலை, கடை திறக்கும் முன்பே சீடர் ஷட்டருக்கு வெளியே நின்றார். மஞ்சப்பையோடு.

"உங்க கரைசல் தப்பு."

"என்ன வந்துது?"

"இருபது நாலு."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை. மூணும் இருபது நாலு. இருபது மூணு இல்ல, இருபது அஞ்சு இல்ல. கை நடுங்கியிருந்தா மூணும் ஒண்ணா வருமா? காந்திமதியைச் சாட்சிக்கு நிக்க வச்சேன். 'ரோஸ் வந்துட்டு, கீழ இறங்கி வாங்க, தோசை ஆறுது'ன்னு அவளே சொன்னா."

காந்திமதி சொன்ன மாதிரியே சொன்னார். இடுப்பில் கைகூட வைத்தார்.

"அன்னைக்கும் இருபது நாலு, இன்னைக்கும் இருபது நாலு. நீங்களும் அந்த வாரியல் மாதிரி எங்கயோ தப்பாக் கலந்திருக்கீய."

குரு கோபப்படவில்லை. மேசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி ஒரு முழம் இடம் செய்தார்.

"இங்க செய்யுங்க. நான் பேச மாட்டேன்."

சீடர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். தாங்கியை நிறுத்தினார். பியூரெட்டைக் காரத்தால் ஒரு தடவை கழுவி ஊற்றினார். பிறகு நிரப்பினார். பிப்பெட்டைக் காடியால் கழுவினார்.

"எதை ஊத்தப் போறோமோ அதாலயே கழுவணும். இதெல்லாம் மறக்கவே இல்ல பாத்துக்கோங்க" என்றார்.

குரு பேசவில்லை.

குடுவையை எடுத்தார். அதிலும் கொஞ்சம் காடியை விட்டார். சுழற்றினார். ஒரு மூலையும் விடாமல், கோயில் குத்துவிளக்கைத் துலக்குகிற பக்தியோடு சுழற்றினார். கவிழ்த்தார். ஒரு உதறு, இரண்டு உதறு, மூன்று உதறு. ஓட்டின்மேல் வைத்தார்.

பிப்பெட்டை எடுக்கப் போன கையைக் குரு பிடித்தார்.

"குடுவை காலியா?"

சீடருக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். "குடுவை காலியாடே?" என்றார் குழாய்க் குரலில். பிறகு மூக்கை விட்டார்.

"காலிதாம்மா. பாருங்க."

குரு காலிக் குடுவையில் இரண்டு சொட்டு நிறங்காட்டியை விட்டார். பியூரெட்டுக்கு அடியில் தள்ளினார். திருகை லேசாகத் திறந்தார்.

காலிக் குடுவை என்றால் முதல் சொட்டே சிவக்க வேண்டும்.

ஒரு சொட்டு விழுந்தது. சிவக்கவில்லை.

இரண்டு. மூன்று.

சீடர் குனிந்தார்.

ஆறு. ஏழு. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஒரு கணம் சிவந்து காணாமல் போனது.

பத்து. பதினொன்று.

சீடர் கண்ணாடியைக் கழற்றப் போனார். குரு வேண்டாமென்று தலையசைத்தார். சீடர் கையைக் கீழே போட்டார்.

பதினைந்து.

பதினாறாவது சொட்டில் குடுவை இளஞ்சிவப்பானது. அப்படியே நின்றது.

குரு திருகை மூடினார்.

"அளவு பாருங்க அண்ணாச்சி. மீட்டர் பாத்த கண்ணு."

சீடர் முழங்காலை மடக்கி, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"புள்ளி எட்டு" என்றார்.

வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அலமாரிக் கண்ணாடியெல்லாம் சன்னமாக அதிர்ந்து அடங்கியது.

இருபது நாலில் புள்ளி எட்டு போனால் எவ்வளவு என்று சீடர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கணக்கெடுத்த ஆள்.

"குடுவையை மட்டும்..." என்று இழுத்தார்.

"தண்ணியாலதான் கழுவணும்" என்றார் குரு.

"கழுவுன காடி உள்ள ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் சீடர். "கண்ணுக்குத் தெரியாம."

குரு பேசவில்லை.

"அப்போ வாரியல் சொன்னது சரி."

"சரி."

"நான் தப்பு."



சீடர் முழங்காலிலிருந்து எழுந்திருக்க மறந்துபோய் அப்படியே இருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"புள்ளி எட்டு தப்பா வந்தா மார்க் எவ்வளவு போடுவாங்க?"

"நான் லேபுல இருந்த காலத்துல, புள்ளி அஞ்சு தாண்டினாலே ஃபெயிலுதான்."

"அப்பவும் அப்படித்தான்."

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பாசுக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

"முப்பது."

போன் அடித்தது. சீடரின் போன். காந்திமதி. அவர் எடுக்கவில்லை. திரையில் எரிகிற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளஸ் டூ பாசுன்னுதான் வேலைக்குக் கூப்பிட்டான்" என்றார் மெதுவாக. "வேலை இருந்துதுன்னுதான் பொண்ணு குடுத்தான்."

போன் அடித்து ஓய்ந்தது.

"அன்னைக்கு நோட்டுல என்ன எழுதிக் குடுத்தீய?" என்று கேட்டார் குரு.

"இருபது நாலு."

"பத்தொம்பது ஆறு காதுல விழுந்த பொறவுமா?"

"பாத்ததைத்தானே எழுதணும்."

குரு முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

ஒன்றும் உடையவில்லை. மேல் தட்டிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. சும்மா நின்றார்.

சீடர் அண்ணாந்து பார்த்தார். எதற்கு எழுந்தார் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முப்பது போட்டிருக்காரு" என்றார்.

உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். பையின் பொத்தானைப் போட்டார். 

"டீச்சர்" என்றார்.

இதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"அந்தத் தண்ணிப் புட்டி ஒண்ணு குடுங்க."

குரு கொடுத்தார். இந்தத் தடவை முகத்தில் பீச்சவில்லை.

சீடர் சிவந்திருந்ததைக் கொட்டினார். குடுவைக்குள் தண்ணீரைப் பீச்சிக் கழுவினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை. கவிழ்த்தார், உதறினார், ஷட்டர் வழியாக வந்த வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"குடுவை காலியாடே?" என்றார்.

மூக்கைப் பிடிக்கவில்லை.